இறங்கியிருந்த இடது இமை

தம்பி,

நான் அனுப்புகிற செய்திகள் உன் போனுக்குப் போய்ச் சேர்வதில்லை. ஒற்றை டிக்கோடு நின்றுவிடுகின்றன. அதனால்தான் யார் வேண்டுமானாலும் படித்துக்கொள்ளட்டும் என்று இதை எல்லோருக்கும் தெரிய எழுதுகிறேன். உன்னோடு படித்தவர்களில் ஒருவரோ, ஓசூரில் உன்னோடு வேலை பார்த்தவர்களில் ஒருவரோ என்றைக்காவது இதை உன்னிடம் காட்டுவார்கள். நீ வியட்நாமில் எந்த ஊரில் இருக்கிறாய் என்பதே எனக்கு உன் நண்பன் சொல்லித்தான் தெரியும். அங்கேயும் பொம்மைக் கம்பெனிதான், அங்கேயும் முகம் செதுக்குகிற வேலைதான் என்றான். கேட்டுச் சந்தோஷப்பட்டேன். சந்தோஷப்பட்டதை உன்னிடம் சொல்ல முடியாமல் அவனிடமே சொல்லிவிட்டு வந்தேன்.

நம்மைத் தெரியாதவர்களும் படிப்பார்கள் என்பதால் கொஞ்சம் முன்னாலிருந்து சொல்கிறேன். உன் அப்பா, என் வீட்டுக்காரர், விருதுநகர்ப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு ஃபிட்டர் வேலைக்கு வந்தவர். நீ தொடக்கப் பள்ளியில் இருந்தபோது ஒருநாள் காலையில் பல் துலக்கும்போது அவர் வாயில் தண்ணீர் நிற்கவில்லை. முகவாதம் என்றார்கள். வைத்தியத்தில் வாய் நேராகிவிட்டது. இடது கண்ணின் இமை மட்டும் பழையபடி மேலே ஏறவில்லை. பாதித் தூக்கத்தில் இருக்கிறவரைப்போல அந்த ஒரு கண் எப்போதும் கொஞ்சம் சாய்ந்தே இருந்தது. அந்தக் கண்ணோடு மேலும் சில வருஷம் வேலைக்குப் போனார். நீ பத்தாம் வகுப்புக்குப் போகும் முன்பு, அப்போது வேலை பார்த்த போச்சம்பள்ளியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் திரும்பி வருகையில் உட்கார்ந்த இடத்திலேயே போய்விட்டார். பக்கத்தில் இருந்தவர் தூங்குகிறார் என்றே நினைத்தாராம். அந்தக் கண்ணைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

அதன் பிறகு நான் சிப்காட்டில் பொம்மை செய்கிற கம்பெனியில் பேக்கிங்கில் சேர்ந்தேன். அங்கிருந்து தரம் பார்க்கிற பிரிவுக்கு மாற்றினார்கள். வருஷங்கள் போகப் போக அந்த வரிசைக்கே பொறுப்பாளர் ஆனேன். நீ பெங்களூரில் சிற்பமும் கம்ப்யூட்டரில் உருவம் செய்வதும் படித்துவிட்டு அதே கம்பெனியின் டிசைன் பிரிவில் சேர்ந்தாய். உன் கட்டிடத்துக்கும் என் கட்டிடத்துக்கும் நடுவில் ஒரு வேப்பமரமும் சைக்கிள் ஸ்டாண்டும்தான். காலையில் உன் பைக்கின் பின்னால் உட்கார்ந்து வந்து இறங்குவேன். அந்த நாட்களில் எனக்கு ஒரு குறையும் இருந்ததாக ஞாபகம் இல்லை.

நாம் செய்தது சின்னப் பிள்ளைகள் போட்டு உடைக்கிற பொம்மை இல்லை. வெளிநாட்டுக் கதைகளில் வருகிற விண்கல வீரர்கள், இயந்திர மனிதர்கள், வேற்றுக்கிரகத்து ராணிகள். ஒரு சாண் உயரம்தான் இருக்கும். கை, கால், கழுத்து, முழங்கால் எல்லாம் மடங்கும். வளர்ந்த ஆட்கள் அதை வாங்கிக் கண்ணாடி அலமாரியில் வைத்துக்கொள்வார்கள், பெட்டியைப் பிரிக்காமலே வைத்திருப்பவர்களும் உண்டு, லென்ஸ் வைத்துப் பார்ப்பார்கள் என்று முதலில் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பார்க்கப் பழகியபின் சிரிப்பு போய்விட்டது. விளக்கடியில் பொம்மையைக் கையில் எடுத்தால் முதலில் அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த கோடு துருத்துகிறதா என்று விரலால் தடவ வேண்டும். பிறகு மூட்டுகளை மடக்க வேண்டும். தளர்ந்திருந்தால் பொம்மை நிற்காது, இறுகியிருந்தால் ஒருநாள் உடையும். அடுத்து, உடுப்பின் நிறம் தோலில் கசிந்திருக்கிறதா என்று பார்ப்போம். முகத்தைக் கடைசியாகத்தான் பார்க்க வேண்டும். முகத்தை முதலில் பார்த்தால் அது நம்மைப் பார்க்கத் தொடங்கிவிடும், மற்றக் குறைகள் கண்ணில் படாது. புதிதாகச் சேர்கிற பெண்களுக்கு நான் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

நீ செதுக்கிய புதுப் பொம்மையின் முதல் பெட்டி என் மேஜைக்கு வந்தபோது நானே அதை மறந்தேன். விண்கலத்தில் இன்ஜின் பார்க்கிற ஒரு கிழவர். நரைத்த தலை, எண்ணெய்க் கறை படிந்த உடுப்பு, கையில் ஒரு ஸ்பானர். பெட்டியைத் திறந்ததும் முகம்தான் தெரிந்தது. கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய முகம். இடது இமை இறங்கியிருந்தது. உன் அப்பாவுக்கு நரைக்கிற வயது வரவே இல்லை. நீ அவரை நரைக்க வைத்திருந்தாய். கன்னத்தை வற்ற வைத்து, நெற்றியில் கோடு போட்டு, அவர் இருந்திருந்தால் இன்றைக்கு எப்படி இருப்பாரோ அப்படியே ஆக்கியிருந்தாய். பெட்டி நிறைய அவர் படுத்திருந்தார். பக்கத்தில் இருந்த பெண் என்னக்கா ஆச்சு என்று கேட்டாள். ஒன்றுமில்லை, விளக்கு கூசுகிறது என்று சொன்னேன்.

அன்று மாலை பைக்கில் வரும்போது, புது பீஸ் எப்படிம்மா இருக்கு என்று திரும்பாமல் கேட்டாய். நல்லா நிக்குது என்றேன். நம் வீட்டில் அப்பாவைப் பற்றிய பேச்சு எப்போதுமே அவ்வளவில்தான் நிற்கும். ஆனால் அந்த வாரம் முழுக்க வேலைக்குப் போக எனக்கு அவசரமாக இருந்தது. வரிசைப் பெண்கள் அந்தப் பொம்மைக்குத் தாத்தா என்று பேர் வைத்துவிட்டார்கள். தாத்தா இன்னிக்கு எத்தன பெட்டி, தாத்தாவுக்குக் கழுத்து லூசா இருக்கு என்று பேசிக்கொள்வார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. அவரை நாலு பேர் கூப்பிடுவதைக் கேட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

அந்த வாரப் பெட்டிகள் கண் ஒற்றாமல் சோதனைக்கு வந்தவை; ஒற்ற ஆரம்பித்த பிறகுதான் கண்கள் கலங்கின. கண்ணை வண்ணத்தால் வரைவதில்லை, அச்சுதான் ஒற்றுகிறோம். மெத்தென்ற ரப்பர் குமிழ் ஒன்று மையைத் தொட்டெடுத்து முகத்தில் அமுக்கிவிட்டு மேலே போகும். மற்ற பொம்மைகளில் கருவிழி விளிம்பு கலையாமல் விழும். தாத்தாவுக்கு வலது கண் சரியாக விழுந்தது. இடது கண்ணில் மை இமைமேல் ஏறிக் கீழே வழிந்தது. நன்றாக விழுந்ததைவிடக் கெட்டுப்போனது அதிகமாகி, கழித்ததைப் போடுகிற சிவப்புக் கூடைகள் நிரம்பின. வாங்குகிற கம்பெனி ஒரு கலங்கிய கண்ணைக்கூட ஏற்காது. மேனேஜர் அச்சு இயந்திரத்தில் இருந்த மஞ்சுளாவைப் பிடித்துக்கொண்டார்.

மஞ்சுளாவை உனக்குத் தெரிந்திருக்காது. ராயக்கோட்டைக்குப் பக்கத்துக் கிராமம். வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். அப்பா இல்லை, அம்மாவுக்கு முடியாது, இவள் கம்பெனி பஸ்ஸில் வந்து போவாள். யாரோடும் அதிகம் பேசாத பெண். மேனேஜர் ஒருநாள் மெஷினை நிறுத்தச் சொல்லி, வரிசையில் இருந்த எல்லோர் முன்னாலும் அவளை இரண்டு கையையும் நீட்டச் சொன்னார். விரல் நடுங்குகிறதா என்று குனிந்து பார்த்தார். நடுங்காத விரல் யாருக்கும் அந்த நேரத்தில் நடுங்கும். அவளுக்கும் நடுங்கியது. பார்த்தீங்களா என்று எங்களைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அவளைப் பெட்டி ஒட்டுகிற வேலைக்கு அனுப்பிவிட்டு வேறொரு பெண்ணை உட்கார வைத்தார். அந்தப் பெண் ஒற்றியபோதும் இடது கண் வழிந்தது.

அன்று சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் கேன்டீனுக்குப் போனபின் நான் அந்த மெஷினில் உட்கார்ந்தேன். தலைகளை ஒவ்வொன்றாக வைத்து நானே ஒற்றிப் பார்த்தேன். நிதானமாக ஒற்றினேன், வேகமாக ஒற்றினேன், மையைக் குறைத்துப் பார்த்தேன். வலது கண் முழித்தது, இடது கண் வழிந்தது. பிறகு வேறு பொம்மையின் தலையை வைத்தேன். இரண்டு கண்ணும் முழித்தன. காரணம் தெரிந்துவிட்டது. அந்த இமை கொஞ்சம் முன்னால் துருத்திக்கொண்டு நிற்கிறது. ரப்பர் குமிழ் அதில் முட்டி, அடியில் இருக்கிற குழியைத் தொடாமல் வழுக்குகிறது. மாதிரிக்கென்று முதலில் செய்த பொம்மையில் கண்ணைக் கையால் வரைந்திருந்தார்கள், அதனால் அப்போது யாருக்கும் தெரியவில்லை. கோளாறு மெஷினில் இல்லை, மையில் இல்லை, மஞ்சுளாவின் கையில் இல்லை. உன் அப்பாவின் இமையில் இருந்தது. நான் ஒற்றிக் கெடுத்த தலைகளை எடுத்துச் சிவப்புக் கூடையில் போட்டேன். கடைசித் தலையைப் போட மனம் வராமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தேன்.

மறுநாள் வாங்குகிற கம்பெனியின் ஆள் சென்னையிலிருந்து வருவதாக இருந்தது. அன்று இரவு சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது நீயே பேச்சை எடுத்தாய். உனக்கும் காரணம் தெரிந்திருந்தது. கம்ப்யூட்டரில் வைத்துப் பார்த்திருக்கிறாய்.

"நாளைக்கு உன்னத்தான் கேப்பாங்கம்மா. டிசைன் சரியாத்தான் இருக்கு, ஒத்துறதுலதான் கோளாறுன்னு சொல்லிடு. அது போதும்."

மஞ்சுளா என்ன ஆவாள் என்று கேட்டேன். அவளை ஏற்கெனவே வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்களே, வேலையா போய்விட்டது என்றாய். இன்னும் ரெண்டு பேரைப் பழக்கினால் கையை மாற்றி ஒற்றக் கற்றுக்கொள்வார்கள் என்றாய். நான் அந்த மெஷினில் உட்கார்ந்து பார்த்ததைச் சொன்னேன். நீ தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாய். பிறகு மெதுவாகக் கேட்டாய்.

"அது யாருன்னு உனக்குத் தெரியலையா?"

"மொதப் பெட்டியிலயே தெரிஞ்சிருச்சு."

"தெரிஞ்சுமா?"

என்னிடம் பதில் இருந்தது, ஆனால் அதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வரவில்லை. நீ கை கழுவிக்கொண்டு உள்ளே போனாய். உன் தட்டில் சோறு அப்படியே இருந்தது.

மறுநாள் நடந்தது உனக்குத் தெரியும். என் பக்கத்திலிருந்து எப்படித் தெரிந்தது என்பதை மட்டும் சொல்கிறேன். சென்னைக்காரர் மரியாதையான மனிதர். பொம்மையைக் கையில் வாங்கிக் கால்களை மடக்கி நிற்க வைத்துப் பார்த்தார். உடுப்பின் தையல் கோடுகூடத் தெரிகிறதே என்று பாராட்டினார். பிறகு கண்ணைக் காட்டி இது ஏன் என்றார். மேனேஜர் ஆபரேட்டர் தவறு, பெண்ணை மாற்றிவிட்டோம் என்றார். நீயும் தலையை ஆட்டினாய். அப்புறம்தான் என்னைக் கேட்டார்கள். நான் சிவப்புக் கூடையிலிருந்து எடுத்துக் கையோடு கொண்டுபோயிருந்த தலைகளை மேஜையில் வைத்தேன்.

"யாரு ஒத்தினாலும் இப்படித்தான் சார் விழும். இடது இமை எறங்கி முன்னால வந்திருக்கு. மை அங்க நிக்காது. அந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல."

அவர் லென்ஸை வைத்து நீண்ட நேரம் பார்த்தார். மாதிரிப் பொம்மையையும் வாங்கிப் பார்த்தார். பிறகு உன்னிடம் திரும்பி, இந்த இமை வேண்டுமென்று செய்ததா, தெரியாமல் வந்ததா என்று கேட்டார். வேண்டுமென்று செய்தது என்றால் ஒரு வழி இருந்திருக்கும் என்று இப்போதும் எனக்குத் தோன்றுகிறது. கையால் வரையலாம் என்றோ, குமிழை மாற்றலாம் என்றோ கேட்டிருப்பார்கள். ஆனால் கப்பலில் ஏற்ற நாள் நெருங்கிவிட்டது, ஒப்புக்கொள்ளாமலும் போயிருக்கலாம். எப்படியோ, அந்த அறையில் பதில் தெரிந்தவர்கள் நீயும் நானும்தான். நான் உன்னையே பார்த்தேன். நீ மேஜையைப் பார்த்தபடி, "தெரியாம வந்தது சார். என் தப்புதான். சரி பண்ணிடறேன்" என்றாய்.

அந்த வார்த்தை எனக்கு இன்னும் ஆறவில்லை. இதை உன்னைக் குற்றம் சொல்ல எழுதவில்லை. அது என் அப்பா என்று அத்தனை பேர் நடுவில் சொல்ல உனக்குக் கூச்சமாக இருந்திருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. இமையைப் பற்றிச் சொல்லத் தெரிந்த எனக்கு, அது என் வீட்டுக்காரர் முகம் சார் என்று சொல்ல நாக்கு எழவில்லை. தரம் பார்க்கிற இடத்தில் அந்தப் பேச்சுக்கு என்ன வேலை என்று நினைத்துவிட்டேன்.

டூல் ரூமில் அச்சைத் திருத்தினார்கள். இடது கண்ணின் மேல் பகுதியை அடைத்து, வலது கண்ணைப் போலவே வெட்டினார்கள். புதுத் தலைகள் வந்தன. இரண்டு கண்ணும் பளிச்சென்று விழுந்தன. நான் விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். கோடு துருத்தவில்லை, நிறம் கசியவில்லை, கழுத்து நன்றாகத் திரும்பியது. குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த ஒரு இமை மேலே போனதும் அது அவர் இல்லாமல் போய்விட்டது. நெற்றிக் கோடும் கன்னமும் மூக்கும் நீ செய்தபடியேதான் இருந்தன. ஆனாலும் யாரோ ஒரு கிழவர். சரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பழைய தலைகளை அழிப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. கழித்த பொம்மை வெளியே போய் எங்காவது விற்கப்பட்டால் வாங்குகிற கம்பெனிக்குக் கெட்ட பெயர். அதனால் தரப் பிரிவின் ஆள் பக்கத்தில் நின்று பார்க்க, எல்லாவற்றையும் அரவை இயந்திரத்தில் போட வேண்டும். நான்தான் நின்றேன். வேறு யாரையாவது அனுப்பியிருக்கலாம். அனுப்ப மனம் வரவில்லை. அவரைப் பஸ்ஸிலிருந்து இறக்கியபோது நான் அங்கே இல்லை, கடைசிக் காரியத்தில் பெண்கள் தெருமுனையோடு திரும்பிவிட்டோம். இதிலாவது கடைசிவரை நிற்க வேண்டும் என்று தோன்றியது. கூடை கூடையாகக் கொட்டினார்கள். கல் அரைபடுகிற மாதிரிச் சத்தம். கொஞ்ச நேரத்தில் அடியில் தோல் நிறத்தில் அரிசிக் குருணை போல வந்து விழுந்தது. நீ வேப்பமரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய். நான் வெளியே வந்ததும் ஒரு வாக்கியம்தான் சொன்னாய்.

"அப்பாவை ரெண்டாவது வாட்டியும் அனுப்பிட்டியேம்மா."

ஒன்றையாவது எடுத்து வைத்திருக்கக் கூடாதா என்று நீ பிறகு உன் நண்பனிடம் கேட்டாயாம். எடுத்திருக்கலாம். என்னை யாரும் சோதித்துப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் அந்த வேலையில் என்னை நிற்க வைத்ததே எதையும் எடுக்க மாட்டேன் என்பதற்காகத்தானே. அதோடு இன்னொன்றும் இருக்கிறது. இதை உனக்கு நான் சொன்னதே இல்லை. அந்த இமையை உன் அப்பாவுக்குப் பிடிக்காது. முகவாதம் வந்தபின் அவர் ஒரு போட்டோவுக்கும் முகம் கொடுக்கவில்லை. கல்யாண வீடுகளில் கேமரா வந்தால் எழுந்து கை கழுவப் போய்விடுவார். சுவரில் நாம் மாட்டியிருப்பது அதற்கு முன்னால் எடுத்தது. என்னோடு பேசும்போதுகூட வலது பக்கம் தெரிகிற மாதிரித்தான் உட்காருவார். நீ மட்டும்தான் அவர் மடியில் ஏறி நேருக்கு நேர் அந்தக் கண்ணைப் பார்த்தவன். ஒருமுறை உன் விரலால் அந்த இமையைத் தூக்கிவிட்டாய். அவர் சிரித்தார், நான் திரும்பிக்கொண்டேன். அவர் எல்லோரிடமிருந்தும் மறைத்ததை நீ ஊர் ஊராக அனுப்பப் பார்த்தாய். அது தவறு என்று நான் சொல்லமாட்டேன். அவருக்கு அது பிடித்திருக்குமா என்று தெரியவில்லை என்றுதான் சொல்கிறேன். அன்று நீ சாப்பிடாமல் எழுந்தபோது என்னிடம் இருந்த பதிலில் பாதி இதுதான். மீதிப் பாதி மஞ்சுளா. அவர் முகத்தைக் காப்பாற்ற இன்னொரு பெண் கையை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்றால், அவரே அதை வேண்டாம் என்றிருப்பார்.

ஆனால் மஞ்சுளாவுக்கும் நான் ஒன்றும் செய்துவிடவில்லை. உண்மை தெரிந்தபின் அவளை மறுபடியும் மெஷினுக்கு வரச் சொன்னார்கள். அதற்குள் அவள் வருவதை நிறுத்திவிட்டாள். போன் எடுக்கவில்லை. ஒரு விடுமுறை நாளில் நானே பஸ் ஏறி ராயக்கோட்டை போனேன். தக்காளி மண்டியில் இருக்கிறாள் என்றார்கள். பெட்டிகளுக்கு நடுவில் குந்தி உட்கார்ந்து, பழுத்ததையும் காயையும் அடிபட்டதையும் பிரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, கை ஈரத்தைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். உன் மேல் தப்பில்லை என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன், வா என்றேன்.

"நீங்க சொன்னது நல்லதுக்கா. ஆனா நா கை நீட்டிக்கினு நின்னத அத்தன பேரும் பாத்துட்டாங்களே. அதை நீங்க போய் எப்படி மாத்துவீங்க?"

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. டீ வாங்கிக் கொடுத்து, பஸ் வரும்வரை நின்று, ஒரு பை நிறையத் தக்காளி கொடுத்து அனுப்பினாள். அன்று மஞ்சுளாவைக் கை நீட்டச் சொன்னபோதே நான் எழுந்து போய் அந்த மெஷினில் உட்கார்ந்திருந்தால் நடந்திருப்பது வேறு. உனக்கு நான் சொல்லக்கூடிய புத்தி என்று ஒன்று இருந்தால் இதுதான். நாளைக்கு உனக்குக் கீழே நாலு பேர் வேலை செய்வார்கள். ஒரு பொருள் கெட்டு வந்தால் அதைச் செய்தவர்களின் கையைப் பார்க்காதே. பொருளை எடுத்து உன் கையால் ஒருமுறை செய்து பார். அதையும் அன்றைக்கே செய். நாள் கடத்திச் சொன்னால் குற்றம் போய்விடுகிறது, அவமானம் அப்படியே தங்கிவிடுகிறது.

நான் ராயக்கோட்டை போய் வந்த அடுத்த மாதம் நீ கிளம்பிவிட்டாய். கிளம்புகிற நாளைச் சொல்லவில்லை. நான் ஷிஃப்ட் முடிந்து வந்தபோது உன் அறை ஒழுங்காகப் பெருக்கியிருந்தது. கட்டில் விரிப்பை இழுத்து மடித்திருந்தாய். சண்டை போட்டுவிட்டுப் போயிருந்தால்கூட எனக்கு இத்தனை வெறுமையாக இருந்திருக்காது. சமையல் செய்ய ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி போடுவது என்பது இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. மிஞ்சியதை மறுநாள் டப்பாவில் எடுத்துப் போகிறேன். வரிசைப் பெண்கள் உன்னைப் பற்றிக் கேட்பார்கள். நல்லா இருக்கான் என்பேன்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை ஒரு காரியம் செய்தேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுத உட்கார்ந்தேன். நாம் செய்கிற பொம்மை கடையில் எப்படி இருக்கும் என்று நான் ஒருநாளும் பார்த்ததில்லை. பெங்களூரில் எந்தக் கடையில் விற்கிறது என்று உன் நண்பனிடம் கேட்டுக்கொண்டு, ஜூஜுவாடி தாண்டி அத்திப்பள்ளி வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறிப் போனேன். பெரிய வணிக வளாகத்தில் மூன்றாவது மாடியில் கடை. கண்ணாடி அலமாரிகளில் விளக்குப் போட்டு வைத்திருந்தார்கள். கிழவரும் இருந்தார். பெட்டியின் கண்ணாடித் தாள் வழியாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பழக்கம், விட முடியவில்லை.

பக்கத்தில் ஒரு பையன் நின்றான். உன் வயதுதான் இருக்கும், தமிழ்ப் பையன். கையில் அதே பொம்மையின் இரண்டு பெட்டிகள். எதை எடுப்பது என்று மாற்றி மாற்றிப் பார்த்தான். நான் பார்க்கிற விதத்தைக் கவனித்திருக்கிறான் போலிருக்கிறது. ஆன்ட்டி, இதுல எது நல்ல பீஸ் என்று கேட்டான். இரண்டையும் வாங்கிப் பார்த்தேன். ஒன்றில் காலர் ஓரம் நிறம் மயிரிழை அளவு தாண்டியிருந்தது. மற்றதைக் கொடுத்தேன். அவன் ஆச்சரியப்பட்டான். நீங்களும் சேர்க்கிறீங்களா என்றான். இல்லப்பா, என் மகன் பொம்மை செய்யிறவன் என்று மட்டும் சொன்னேன்.

உடனே அவன் போனை எடுத்து ஒரு படத்தைத் தேடிக் காட்டினான். இந்தப் பொம்மை வருவதற்கு முன்னால், வாங்குகிற கம்பெனி எல்லோருக்கும் காட்டிய படமாம். நீ செய்த முதல் மாதிரி. கையால் கண் வரைந்தது. அந்த நெற்றி, அந்தக் கன்னம், அந்த இமை. கடையின் நடுவில் நின்றுகொண்டு நான் அவரைப் பார்த்தேன்.

"இந்த மூஞ்சிதான் வரும்னு நாங்க எல்லாரும் காத்திருந்தோம் ஆன்ட்டி. இதுல ஒரு ஆள் இருக்காரு பாருங்க. வந்ததுல இல்ல. ஏன் மாத்துனாங்கன்னு தெரியல."

"அதுல அச்சு சரியா விழலப்பா" என்றேன். அவன் நான் ஏதோ பொதுவாகச் சொல்கிறேன் என்று நினைத்துத் தலையை ஆட்டினான். உலகம் முழுக்க இதைச் சேர்க்கிறவர்கள் அந்த முகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டார்களாம். செதுக்கினவர் யாரையோ ரொம்ப நாள் பக்கத்தில் இருந்து பார்த்திருக்க வேண்டும் என்று ஒருவர் எழுதியிருந்தாராம். அதையும் படித்துக் காட்டினான். அது யார் என்று அவனிடம் நான் சொல்லவில்லை. அந்தப் படத்தை என் போனுக்கு அனுப்ப முடியுமா என்று மட்டும் கேட்டேன். அனுப்பினான்.

உனக்கு நான் ஒருநாளும் சொல்லாததை இப்போது சொல்கிறேன். நீ செய்தது நல்ல வேலை, தம்பி. என் வாழ்நாளில் என் கைவழியாகப் போன முகங்களில் அதைப்போல இன்னொன்று இல்லை. இதை அந்த முதல் பெட்டியைத் திறந்த அன்றைக்கே பைக்கில் உன் முதுகுக்குப் பின்னாலிருந்து சொல்லியிருக்க வேண்டும். நல்லா நிக்குது என்றேன். அதே சமயம், மறுபடி அந்த அறையில் என்னைக் கேட்டால் மறுபடியும் அதே பதிலைத்தான் சொல்வேன். இரண்டும் ஒரே மனசில் இருக்கின்றன. சேர்ந்து இருக்க இடம் போதாமல் ராத்திரியில் நெருக்குகின்றன. ஆனாலும் ஒன்றுக்காக மற்றதை வெளியே அனுப்ப என்னால் ஆகவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அந்தப் படத்தைப் பெரிதாக்கி, ஓசூர் வரும்வரை பார்த்துக்கொண்டே வந்தேன். எனக்கு அவரிடம் வெட்கமாகக்கூட இருந்தது. அவர் இருந்தவரை அந்தப் பக்கத்தை நான் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை, அவர் பார்க்க விட்டதுமில்லை. பார்க்கப் பார்க்க ஒன்று புலப்பட்டது. நீ இமையைக் கொஞ்சம் கூடுதலாக இறக்கிவிட்டாய். நீ சின்னவனாக மடியில் இருந்து அண்ணாந்து பார்த்தாய், அதனால் உனக்கு அப்படித் தெரிந்திருக்கும். உண்மையில் அவ்வளவு இல்லை. எவ்வளவு என்று எழுத்தில் சொல்ல எனக்கு வரவில்லை. நீ வந்து என் எதிரில் உட்கார். விரலால் காட்டுகிறேன்.

அம்மா